நாகர்கோவிலில் பேருந்து, ரயில் வசதியோடு பெரிய வீட்டை வாடகைக்கு எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் மூன்று படுக்கையறை கொண்ட வீடு கிடைப்பது அரிதல்ல. பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைப்பதும் அரிதல்ல. இரண்டும் ஒரே வீட்டில் அமைவதுதான் அரிது. வடசேரி, கோட்டாறு, மீனாட்சிபுரம் போன்ற பழைய பகுதிகளில் தெருக்கள் குறுகியவை, மனைகள் சிறியவை. வீடு விசாலமாகக் கிடைக்கும் இடங்களோ பார்வதிபுரத்தைத் தாண்டியும், கோணம், ஆசாரிபள்ளம் பக்கமும் இருக்கின்றன. எனவே கன்னியாகுமரி மாவட்டத்தின் தலைநகரான இந்த ஊருக்கு மாற்றலாகி வருகிற அரசு ஊழியரும், மகேந்திரகிரிக்கோ கூடங்குளத்துக்கோ அன்றாடம் போய்வருகிறவரும், திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே குடும்பத்தை வைத்திருப்பவரும், எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுவது என்பதை வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. அந்த முடிவுக்குத் துணையாகவும், முடிவு செய்தபின் அட்வான்ஸ் கொடுப்பது முதல் வீட்டைக் காலி செய்வது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதற்படி: எந்தப் பேருந்து நிலையம், எந்த ரயில் நிலையம்?

"பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்" என்று யாராவது சொன்னால், எந்த பஸ் ஸ்டாண்டு என்று உடனே கேட்டுவிட வேண்டும். நகரத்தில் இரண்டு இருக்கின்றன. மீனாட்சிபுரத்தில் உள்ள அண்ணா பேருந்து நிலையம் முக்கியமாக டவுன் பஸ்களுக்கானது. மாவட்டத்துக்குள் இருக்கும் சிற்றூர்களுக்கும் கடற்கரைக் கிராமங்களுக்கும் போகிறவர்கள் அங்கேதான் கூடுவார்கள். திருநெல்வேலி, மதுரை, திருவனந்தபுரம் போன்ற வெளியூர்களுக்கு வடசேரி கிறிஸ்டோபர் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். தினமும் திருநெல்வேலிக்குப் போகிறவர் அண்ணா பேருந்து நிலையத்தின் அருகில் வீடு எடுத்தால், காலையில் முதலில் ஒரு டவுன் பஸ்ஸைப் பிடித்து வடசேரிக்குப் போய், அங்கிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ரயிலுக்கும் இதே கதைதான். கோட்டாறு பக்கமிருக்கும் நாகர்கோவில் சந்திப்பில்தான் பெரும்பாலான தொலைதூர ரயில்கள் புறப்படும் அல்லது நிற்கும். 2024 ஆகஸ்ட் 31-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் - நாகர்கோவில் வந்தே பாரத் ரயிலும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலி நோக்கிச் செல்லும் சில ரயில்கள் சந்திப்புக்குள் நுழையாமல், நாகர்கோவில் டவுன் நிலையத்தில் மட்டும் நின்று நகரைக் கடந்துவிடும். நீங்கள் அடிக்கடி ஏறும் ரயில் எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதைக் கால அட்டவணையில் பார்த்துவிட்டே பகுதியைத் தேர்வு செய்ய வேண்டும். வடசேரி, பார்வதிபுரம் பக்கம் குடியிருப்பவர் இரவு பதினொரு மணிக்குச் சந்திப்பில் இறங்கினால், நகரின் மறு முனைக்கு ஆட்டோவில்தான் வீடு திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம்.

வேலைக்குப் போகும் திசையை வைத்துப் பகுதியைத் தீர்மானிப்பதே எளிய வழி. வடசேரியிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், திருவனந்தபுரம் போகும் பேருந்துகள் பார்வதிபுரம் வழியாகவே செல்கின்றன. எனவே அந்தத் திசையில் போகிறவர் வெட்டூர்ணிமடத்திலோ பார்வதிபுரத்திலோ வீடு எடுத்தால் வடசேரிக்குள் போகாமலேயே ஏறிவிடலாம். ஏறலாமே தவிர, காலை எட்டு மணிக்கு அங்கே உட்கார இடம் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆரல்வாய்மொழி, வள்ளியூர், மகேந்திரகிரித் திசையில் போகிறவர்களுக்கு ஒழுகினசேரிப் பக்கம் வசதி. கூடங்குளத்துக்கு அஞ்சுகிராமம் வழியாகப் போகிறவர்கள் கோட்டாறு, இடலாக்குடி பக்கம் பார்ப்பது பொருத்தம். மருத்துவக் கல்லூரியில் வேலையோ படிப்போ என்றால் ஆசாரிபள்ளமே போதும். பேருந்து நிலைய நெருக்கத்துக்காகக் கூடுதல் வாடகை கொடுக்கத் தேவையில்லை. கணவன் மனைவி இருவருக்குமே திருவனந்தபுரத்தில் வேலை என்றால், நாகர்கோவிலை விட்டுவிட்டு குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் தேடுவதே என் பரிந்துரை. ஒவ்வொரு நாளும் மிச்சமாகும் பயண நேரம் வேறு எந்த வசதியைவிடவும் பெரியது.

இரண்டாம் படி: தூரத்தை நடந்து பார்ப்பது

வீட்டு உரிமையாளரோ புரோக்கரோ, "அஞ்சு நிமிசம்தான், நடந்தே போயிரலாம் பாத்துக்கிடுங்க" என்று சொல்வார்கள். அவர் பைக்கில் போகிறவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் வேலைக்குக் கிளம்பும் அதே நேரத்தில், வேலைக்குக் கொண்டுபோகும் அதே பையோடு, வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். வழியில் நடைபாதை இருக்கிறதா, சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, பள்ளி விடும் நேரத்தில் அந்த முக்கு எப்படி அடைத்துக்கொள்கிறது என்பவை வரைபடத்தில் தெரியாது. இரவு எட்டு மணிக்குமேல் இன்னொருமுறை நடந்து, தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் எங்கே படுத்திருக்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குறிப்பாக, டியூஷன் முடிந்து தனியாக வரும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இந்த இரண்டாவது நடைதான் முக்கியம்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு அரை மணி நேரம் நின்று, உங்கள் வழித்தடத்தில் எத்தனை வண்டிகள் வருகின்றன, அவற்றில் எத்தனை நிற்காமல் போகின்றன என்று கவனியுங்கள். பக்கத்து டீக்கடையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சரியான விடை கிடைத்துவிடும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பதால், அத்தகைய பேருந்து அடிக்கடி வரும் தடத்தில் வீடு அமைந்தால் வேலைக்கும் கல்லூரிக்கும் போகும் பெண்கள் உள்ள குடும்பத்துக்கு மாதச் செலவில் கணிசமான தொகை குறையும்.

திருவிழாக் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3-இல் நிறைவடையும்; அதற்கு முந்தைய நாட்களில் அந்தப் பகுதியில் கூட்டமும் வாகன நெரிசலும் மிகுதி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது மகிழ்ச்சியான காலம்தான்; ஆனாலும் அன்றைய மாலைகளில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும்.

மூன்றாம் படி: வாடகையைத் தனியாகப் பார்க்காமல் மொத்தச் செலவைப் பார்ப்பது

நகரின் நடுவில் ஒரு வீட்டுக்கு மாதம் 18,000 ரூபாயும், நான்கு கிலோமீட்டர் தள்ளி அதே அளவு வீட்டுக்கு 14,000 ரூபாயும் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்கு வாரத்தில் ஐந்து நாள், ஒரு நடைக்கு 80 ரூபாய் என்று காலையும் மாலையும் ஆட்டோவில் போய்வந்தால், மாதத்துக்கு 22 வேலை நாள் கணக்கில் 3,520 ரூபாய் ஆகிறது. குழந்தையின் பள்ளி வேன் தூரத்துக்கேற்பக் கூடும். அப்போது 4,000 ரூபாய் லாபம் என்று நினைத்தது ஏறக்குறைய கரைந்துவிடுகிறது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஸ்கூட்டர் ஓடுகிறது, ஆட்டோ தேவையே இல்லை என்றால் கணக்கு தலைகீழாகும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு வேறு என்பதால், காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டே வாடகையைப் பேசத் தொடங்குங்கள். பராமரிப்புக் கட்டணம், குடிநீர்க் கட்டணம், கார் நிறுத்தக் கட்டணம் ஆகியவை வாடகைக்குள் அடக்கமா, தனியா என்பதையும் அதே காகிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: தேடுவது

இந்த ஊரில் நல்ல வீடுகளில் பல இணையத்துக்கு வருவதே இல்லை. கேட்டில் தொங்கும் "டூ லெட்" பலகை, பால்காரர், அயர்ன் கடைக்காரர், அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர் ஆகியோர் வழியாகவே கைமாறுகின்றன. நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தே சுற்றினால் கிடைக்கும் தகவல் எந்தச் செயலியிலும் கிடைக்காது. பள்ளி ஆண்டு முடியும் ஏப்ரல், மே மாதங்களில் வீடுகள் அதிகம் காலியாகும்; தேடுகிறவர்களும் அப்போதுதான் அதிகம். புரோக்கர் மூலம் போனால் கமிஷன் எவ்வளவு, எப்போது கொடுக்க வேண்டும் என்பதை முதல் வீட்டைப் பார்க்கும் முன்பே பேசிவிட வேண்டும். வீட்டைக் காட்டுவதற்கே முன்பணம் கேட்பவரைத் தவிர்த்துவிடலாம்.

முதல் தொலைபேசி அழைப்பிலேயே உரிமையாளர் உங்கள் சொந்த ஊர், வேலை, குடும்பத்தில் எத்தனை பேர், சில நேரம் சாப்பாடு, மதம் வரையில் கேட்பார். கேட்பது நியாயமா என்பது வேறு விவாதம். ஆனால் மீன் சமைக்கக் கூடாது என்றோ, விருந்தாளி தங்கக் கூடாது என்றோ நிபந்தனை இருந்தால் அதைப் போனிலேயே தெரிந்துகொள்வது ஒரு அலைச்சலை மிச்சப்படுத்தும். எனவே நீங்களும் தயங்காமல் கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: விசாலத்தை அளப்பது

"1,500 சதுர அடி" என்று சொல்லும்போது எந்த அளவைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சொல்லப்படும் அளவில் சுவரின் கனமும், மாடிப்படி, லிப்ட், நடைபாதை ஆகியவற்றில் உங்கள் பங்கும் சேர்ந்திருக்கலாம். சுவருக்குள் உங்கள் கால் படும் தரையின் அளவு அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். கையில் ஒரு அளவு நாடாவோடு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆறடி அகலமுள்ள இரட்டைக் கட்டிலும் ஒரு பீரோவும் போட்டபின் பத்துக்குப் பத்து அறையில் கதவைத் திறந்து மூடவே இடுக்காகிவிடும். பன்னிரண்டுக்குப் பதினொன்று என்றால் படிப்பு மேசை ஒன்றையும் சேர்த்துப் போடலாம். இருக்கும் கட்டில், பிரிட்ஜ், சோபா ஆகியவற்றின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு போய், மாடிப்படியின் திருப்பத்திலும் வாசல் நிலையிலும் அவை நுழையுமா என்று பார்த்துவிடுங்கள்.

நமது மாவட்டத்தில் பெரிய வீடு என்று கிடைப்பவை பெரும்பாலும் தனி வீட்டின் கீழ்த்தளமோ மாடியோதான். அவற்றில் சமையலறைக்குப் பின்னால் "ஒர்க் ஏரியா" ஒன்று இருக்கும். மீன் கழுவவும், தேங்காய் உடைக்கவும், வாஷிங் மெஷின் வைக்கவும் அதுதான் இடம். புதிய அடுக்குமாடிகள் சிலவற்றில் இது இல்லாமலோ, நின்று திரும்ப முடியாத அளவிலோ இருக்கும். ஒரு படுக்கையறை குறைந்தாலும் பரவாயில்லை, நல்ல ஒர்க் ஏரியா உள்ள வீட்டை எடுங்கள் என்றே நான் சொல்வேன். அன்றாடம் அழுக்காகும் வேலைகள் அங்கே நடந்தால்தான் சமையலறை சமையலறையாக இருக்கும். இரண்டாவது கழிவறை ஒரு அறைக்குள் அடைபட்டிருக்கிறதா, விருந்தாளியும் பயன்படுத்தும்படி பொதுவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முதியவர்கள் இருந்தால் மாடி வீடு வேண்டாம்.

ஆறாம் படி: மழை, வெயில், காற்று, தண்ணீர்

தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைக்கின்றன. ஜூனில் தொடங்கும் ஈரம் சுவரிலிருந்து முழுதாக வற்றுவதற்குள் அக்டோபர் வந்துவிடும். ஆகவே புது வெள்ளை அடித்த சுவரைக் கண்டு மயங்காமல், மூன்று இடங்களைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும்: மேற்குப் பக்கச் சுவரின் உட்புறம், குளியலறையின் மறுபக்கச் சுவர், கூரையும் சுவரும் சேரும் மூலை. அங்கே பெயின்ட் கொப்புளம் போல எழும்பியிருந்தாலோ, விரலால் தடவினால் உப்பு போல வெள்ளைத் தூள் ஒட்டினாலோ, உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். பீரோ வைக்கும் சுவரில் இந்த அடையாளம் இருந்தால், ஒரே மழைக்காலத்தில் பட்டுச் சேலையில் பூஞ்சணம் பிடித்துவிடும். மூடிக் கிடந்த அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதும் நம்பகமான சோதனையே. முடிந்தால் மழை பெய்த மறுநாள் வீடு பார்க்கப் போங்கள்.

மேல்தளம் என்றால் மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள். மொட்டை மாடிக்கு மேலே டிரஸ் எனப்படும் இரும்புச் சட்டம் அமைத்துத் தகரம் போட்டிருந்தால் வெயிலும் மழையும் நேராகக் கான்கிரீட்டில் இறங்காது. துணி காயப்போடவும் இடமாகும். அது இல்லாத மேல்தள வீட்டில் மார்ச், ஏப்ரல் இரவுகள் கடினமானவை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காலத்தில் வீசும் காற்றைப் பற்றி முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் வீடு எடுப்பவர்கள் ஜன்னல் கொக்கிகளும் கதவுத் தாழ்களும் உறுதியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கலாம்.

தாழ்வான பகுதிகளைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது கட்டாயம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலும், 2021 நவம்பரில் பெருமழை வெள்ளமும் இந்த மாவட்டத்தைப் பாதித்தன. பழையாற்றை ஒட்டிய இடங்களிலும், குளத்துக்கும் கால்வாய்க்கும் அருகிலும் வீடு பார்க்கும்போது, அந்த இரண்டு சமயங்களிலும் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். உரிமையாளரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டுக்காரரிடம் கேட்பது மேல். கரண்ட் மீட்டர் எவ்வளவு உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதும், கார் நிறுத்துமிடம் சாலையைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்பதும் பதிலைச் சரிபார்க்க உதவும்.

நாகர்கோவில் நகரத்துக்கு முக்கடல் அணையிலிருந்து குடிநீர் வருகிறது. ஆனால் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். எனவே கார்ப்பரேஷன் குழாய் இணைப்பு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், கிணறோ போர்வெல்லோ இருக்கிறதா, கோடையில் வற்றுமா, மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர், அதை எத்தனை வீடுகள் பகிர்கின்றன என்பதையும் கேளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் உவர்ப்பு தெரிந்துவிடும். குளியலறைக் குழாயின் முனையில் வெள்ளைப் படிவு இருந்தாலும் அதே பொருள்தான். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து, மாடியில் அழுத்தம் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள்.

மின்சாரத்தில் ஒரே ஒரு கேள்வி முக்கியம்: உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு எண் இருக்கிறதா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் கூடும். இரண்டு குடும்பங்கள் ஒரே இணைப்பைப் பகிர்ந்தால் மொத்தப் பயன்பாடு உயர்ந்து, இருவருமே உயர்ந்த விலையில் கட்ட வேண்டியிருக்கும். சப்-மீட்டர் வைத்து உரிமையாளரே ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் ஏற்பாடு இருந்தால், அந்தத் தொகை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

ஏழாம் படி: வீடு யாருடையது?

இந்த மாவட்டத்தில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் கட்டிய வீடுகள் ஏராளம். சாவி உரிமையாளரின் அப்பாவிடமோ, மைத்துனரிடமோ, பக்கத்து வீட்டு அக்காவிடமோ இருக்கும். அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், வீட்டை வாடகைக்கு விடவும் பணம் பெறவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் யார் பெயரில் உள்ளன என்று பாருங்கள். வேறொருவர் கையெழுத்திடுவதானால் பவர் ஆப் அட்டர்னி நகலைக் கேளுங்கள். வீடியோ அழைப்பில் உரிமையாளரிடம் நேரடியாக ஒருமுறை பேசிவிடுங்கள். "பவர் எல்லாம் எதுக்கு தம்பி, நம்ம மாமா வீடுதான்" என்று பதில் வந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்து உரிமையாளருடையதாக இருக்கட்டும் என்று பணிவாகச் சொல்லிவிடலாம்.

பலர் அறியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வருமான வரிச் சட்டப்படி உரிமையாளர் வெளிநாடுவாழ் நிலையில் இருந்தால், வாடகை கொடுப்பவர் அதில் வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டிய கடமை உண்டு. உள்ளூர் உரிமையாளர்களுக்கான குறைந்தபட்ச வாடகை வரம்பு இதற்குப் பொருந்தாது. எனவே உரிமையாளரின் நிலையைக் கேட்டறிந்து, ஆடிட்டர் ஒருவரிடம் முன்கூட்டியே ஆலோசித்துக்கொள்ளுங்கள். வாடகைப்படிக்கு வரி விலக்குக் கோரும் ஊழியர், ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க அவர் சம்மதிப்பாரா என்பதை அட்வான்ஸுக்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

எட்டாம் படி: அட்வான்ஸும் ஒத்தியும்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல், நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. "ஒப்புக்கொண்டால் தவிர" என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்து மாதம், பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பின்னர் சட்டத்தைக் காட்ட முடியாது. எனவே பேரத்தின் தொடக்கத்திலேயே மூன்று மாதத்தில் நின்றுகொள்ளுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

மாத வாடகை இல்லாமல் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது திரும்பப் பெறும் ஒத்தி முறையும் இங்கே பரவலாக உண்டு. வாடகை மிச்சம் என்ற அளவில் இது கவர்ச்சியானது. ஆனால் உரிமையாளர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு, அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் திருப்பித் தர முடியும் என்ற நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் குறைவல்ல. சொத்தின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் உரிமையே முன்னால் நிற்கும். ஒத்திக்குப் போவதானால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, வழக்கறிஞரிடம் காட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். பதிவுக்கு உரிமையாளர் மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுவதே பாதுகாப்பு.

ஒன்பதாம் படி: ஒப்பந்தம்

வாய்மொழி ஏற்பாட்டுக்கு இப்போது இடமில்லை. மேற்சொன்ன சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தான 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென அரசு இணையதளம் இருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவே வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து பிறந்த வழக்கம் அது. வாடகை அதிகார அலுவலரிடம் செய்யும் பதிவு அதிலிருந்து வேறுபட்டது, பதினொரு மாதத்துக்கும் அது தேவை.

ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ், காலம் ஆகியவற்றோடு, வாடகை எப்போது எவ்வளவு கூடும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, பராமரிப்புக் கட்டணம் யாருடையது, கார் நிறுத்துமிடமும் மொட்டை மாடியும் உங்கள் பயன்பாட்டில் உண்டா என்பவற்றையும் எழுதுங்கள். வாடகை உயர்வு பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால், வாடகையைக் கூட்ட உரிமையாளர் மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதமின்றி வீட்டை உள்வாடகைக்கு விடவும் முடியாது.

பழுது பார்ப்பதில் எழும் சண்டைகளுக்குச் சட்டத்தின் அட்டவணையே விடை தருகிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளை அடித்தல், கதவு ஜன்னல்களுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கீசர் பழுது, ஜன்னல் கண்ணாடி, பூட்டு, கொசுவலைக் கம்பி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. மழையில் ஒழுகும் கூரை எந்தப் பக்கம் வரும் என்பது இதிலிருந்து தெளிவு. வாடகைத் தகராறு என்ற பெயரில் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பதற்குச் சட்டத்தில் அனுமதி இல்லை. அப்படி நடந்தால் வாடகை அதிகார அலுவலரிடம் மனுச் செய்யலாம்.

பத்தாம் படி: குடியேறும் நாளும் காலி செய்யும் நாளும்

சாமான் வண்டி வருவதற்கு முன், காலியாக இருக்கும் வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். சுவரில் உள்ள ஆணித் துளை, தரையில் உடைந்த டைல், வாஷ்பேசின் கீறல், மின் மீட்டரில் அன்றைய எண் ஆகிய அனைத்தும் அதில் பதிவாக வேண்டும். மின்விசிறி, கீசர், சாவிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது பின்னாளில் பேச்சைக் குறைக்கும். லாரி தெருவுக்குள் நுழையுமா என்பதை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். வடசேரிச் சந்துகள் சிலவற்றில் முக்கில் இறக்கிக் குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும், அதற்குத் தனிக்கூலி.

காலி செய்யும்போது முன்னறிவிப்பை வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அதுவே பல நல்ல உறவுகளை முறித்திருக்கிறது. நியாயமான பிடித்தங்கள் போக, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். பெயின்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கழித்தால், குடியேறிய நாளில் எடுத்த வீடியோவைக் காட்டி, எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று பில்லோடு கேளுங்கள். மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், சாவி கொடுக்கும் நாளன்று மீட்டர் எண்ணை இருவரும் சேர்ந்து பார்த்து, அதுவரை ஆன தொகையை அப்போதே தீர்த்து, தீர்த்ததாக உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.